பத்துக்கு எட்டு: ஒரு தையல்காரியின் ஆஸ்பத்திரிக் கணக்கு

கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன் முடிந்து 40 நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், எங்க சர்வீஸுக்கு ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள். எட்டு என்றேன். "தேங்க்யூ மேடம்" என்று வைத்துவிட்டாள். மீதி இரண்டு எங்கே போனது என்று கேட்கவே இல்லை. நான் பவானியில் 20 வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். வாங்க வந்தவர் "பரவாயில்லைங்க" என்று இழுத்தால் விடமாட்டேன். எங்கே பிடிக்கிறது, அக்குளா கழுத்தா, போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டுப் பிரித்துத் தைத்துத்தான் அனுப்புவேன். அந்தப் பெண் கேட்காமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. கோவையில் ஓரளவு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். பாராட்டினால் விளம்பரம் என்பார்கள், குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள். எனக்கு இரண்டுக்கும் நேரமில்லை, தீபாவளி தையல் இருக்கிறது.

எனக்கு வயது 46. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். மூன்று வருஷமாக மாதவிலக்கு என்றால் எட்டு நாள், ஒன்பது நாள். அதில் முதல் மூன்று நாள் மணிக்கு ஒரு நாப்கின். கட்டி கட்டியாகப் போகும். எங்கள் பாட்டி இதைப் பெரும்பாடு என்பார். அந்தப் பேர் எவ்வளவு பொருத்தம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். மெஷின் ஸ்டூலின் மேல் ஒரு கறுப்புத் துணியை நாலாக மடித்துப் போட்டிருந்தேன். கலர் புடவை கட்டுவதையே விட்டுவிட்டேன். அளவெடுக்க எழுந்தால் முதலில் ஸ்டூலைத் திரும்பிப் பார்ப்பேன், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். ரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 7.1.

முதலில் போனது பக்கத்திலேயே ஒரு கிளினிக். அங்கே நான் உட்கார்ந்திருந்தது நாலு நிமிஷம். ஸ்கேன் பேப்பரைப் பார்த்தார்கள். "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி எதுக்கு அது? எடுத்துப் போட்டுடலாம். திங்கக்கிழமை அட்மிஷன் ஆயிடுங்க." அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அங்கேயே திங்கட்கிழமைக்குக் கார் பேச ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் மகள் சென்னையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அன்று இரவு அவளிடம் சொன்னேன். "அத்தை, ஏழு பாயிண்ட் ரத்தத்தை வெச்சுக்கிட்டு, அவசரம் இல்லாத ஆபரேஷனுக்கு எதுக்கு ஓடறீங்க? முதல்ல ரத்தத்தை ஏத்துங்க, இன்னொரு டாக்டரைப் பாருங்க" என்று திட்டினாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது இந்த நாட்டில் கோர்ட் வரைக்கும் போன விஷயம். பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் ஏழைப் பெண்களுக்கு இப்படிச் செய்ததாக வந்த வழக்கில், மாநிலங்கள் எல்லாம் மத்திய அரசின் வழிகாட்டு முறைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிலக்கால் கூலி போகக்கூடாது என்று சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்ட செய்தியையும் அனுப்பினாள். அதைப் படித்தபோது என் கறுப்புத் துணிதான் ஞாபகம் வந்தது. எனக்கும் கூலிதான் பிரச்சினை. ஒரு நாள் மெஷினில் உட்காராவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை.

அப்படித்தான் கோவைக்குப் போனேன். இனி மார்க்கைப் பார்க்கலாம்.

டாக்டருக்குப் பத்துக்குப் பத்து. ஐம்பதைத் தாண்டிய அம்மா. ஸ்கேன் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்றார். சொன்னேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் கவிழ்த்த பேரிக்காய் மாதிரி ஒரு படம் வரைந்தார். சுவரில் இரண்டு உருண்டை: அது ஃபைப்ராய்டு, நார்க்கட்டி. அப்புறம் பேனாவைச் சாய்த்துப் பிடித்து சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்தார்: அது அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள் சவ்வு தசைக்குள்ளேயே புகுந்து வளர்வது. கட்டி என்றால் தனியாக எடுத்துப் பார்க்கலாம், இது துணியில் சாயம் ஊறின மாதிரி, பிரித்தெடுக்க முடியாது என்று புரிந்துகொண்டேன்.

எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. விலக்கு நாட்களில் போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்தார். டீ டிகாக்ஷன் நிறத்தில் இரும்புச்சத்து ட்ரிப் இரண்டு தடவை ஏற்றினார். 45 தாண்டிவிட்டதால் உள் சவ்விலிருந்து கொஞ்சம் சுரண்டி பயாப்சிக்கு அனுப்பினார், புற்று எதுவும் இல்லை என்று வந்தது. முதல் கிளினிக்கில் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்புறம் மிரேனா வைத்தார். காப்பர் டி மாதிரியே இருக்கும், உள்ளே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோன் விடும். இது கேட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்றார். பல பேருக்குக் கேட்கிறதாம். எனக்கு இரண்டு மாதம் நன்றாக இருந்தது. நாலாவது மாதம் பெரிய போக்கு ஒன்று வந்து, அதோடு பாத்ரூமில் அதுவும் விழுந்துவிட்டது. கர்ப்பப்பை பெருத்திருந்தால் இப்படித் தள்ளிவிடுவது உண்டு என்று வைக்கும்போதே சொல்லியிருந்தார், அதனால் கோபம் வரவில்லை. காசு போனதுதான் வருத்தம்.

ஒன்பது மாதம் இப்படிப் போனது. அப்புறம் நானேதான் கேட்டேன், "எடுத்துடலாங்களா டாக்டர்?" நாலு நிமிஷத்தில் வேறு யாரோ சொன்னதற்குத் தலையாட்டுவதும், ஒன்பது மாதம் கழித்து நானே கேட்பதும் ஒன்றில்லை. கடைசியில் எடுத்தது அதே கர்ப்பப்பையைத்தானே என்று என் வீட்டுக்காரர் இப்போதும் சொல்வார். அவருக்கு இது புரியாது.

எப்படி எடுப்பது என்பதிலும் அந்த அம்மா அரை மணி நேரம் செலவழித்தார். வயிற்றைக் கிழித்து எடுப்பது, துளை போட்டு எடுப்பது, வயிற்றைத் தொடாமல் கீழ்வழியாகவே எடுப்பது என்று மூன்று வழி. முடிந்தவர்களுக்குக் கீழ்வழிதான் முதல் தேர்வு, தழும்பும் இல்லை, செலவும் குறைவு என்று அவரே சொன்னார். துளை ஆபரேஷன்தான் புதுசு, அதனால் அதுதான் உசத்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கோ 14 வாரக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருந்தது. இரண்டு சிசேரியனால் மூத்திரப்பையோடு ஒட்டியும் இருக்கலாம், அதனால் துளை போட்டு, லேப்ராஸ்கோப் என்கிற கேமராக் குழாயில் பார்த்துப் பிரித்து எடுப்பதுதான் சரி என்றார். கிழித்து எடுப்பதைவிடச் சீக்கிரம் எழுந்து நடமாடலாம், வலி குறைவு, புண் சீழ் பிடிப்பது குறைவு. ஆனால் ஆபரேஷனுக்கு நேரம் அதிகமாகும், மூத்திரப்பையிலோ மூத்திரக் குழாயிலோ காயம்படுவது நூற்றில் ஒருவர் என்கிற அளவில் நடக்கக்கூடியது, துளையில் ஆரம்பித்துக் கிழித்து முடிக்கவும் நேரலாம். இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே, தமிழில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

துளை போட்டுக் கர்ப்பப்பையை எடுப்பது 1988-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஹாரி ரீச் என்கிற டாக்டர் முதன்முதலில் செய்தது என்று அண்ணன் மகள் சொன்னாள். என் மாமியாருக்கு எடுத்தது 1996-ல். அப்போது இது உலகத்தில் எங்கோ இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. அவர் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு ஜாண் தழும்பு, இரண்டு பக்கமும் ஏணிப்படி மாதிரித் தையல் குறி. 15 நாள் ஆஸ்பத்திரி, மூன்று மாதம் படுக்கை. இதை ஏன் சொல்கிறேன் என்பது அப்புறம் வரும்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தால் கவுன்சிலர் என்று ஒரு பெண். இங்கே அரை மார்க் போனது. "மேடம், எங்ககிட்ட ரோபோ இருக்கு, ஒன்றரை லட்சம்தான் எக்ஸ்ட்ரா ஆகும், ரொம்ப துல்லியமா இருக்கும்" என்று பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. திரும்பிப் போய் டாக்டரைக் கேட்டேன். "உங்க கேஸுக்கு ரெண்டுலயும் ஒரே ரிசல்ட்தாம்மா. காசை வெச்சுக்கோங்க" என்றார். சாதா லேப்ராஸ்கோபிக்கும் ரோபோவுக்கும் இந்த மாதிரி ஆபரேஷனில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், செலவுதான் கூடுதல் என்று அண்ணன் மகளும் அதையே சொன்னாள். ஒரே கட்டிடத்தில் ஒரு கதவு விற்கிறது, அடுத்த கதவு வேண்டாம் என்கிறது. இரண்டாவது கதவைத் தட்டாதவர்கள் என்ன ஆவார்கள் என்று யோசித்தேன்.

அண்ணன் மகள் கேட்கச் சொன்ன இன்னொரு கேள்வி: "பெரிய கர்ப்பப்பை ஆச்சே, எப்படி வெளியே எடுப்பீங்க?" கேட்டேன். கீழ்வழியாகத்தான், தேவைப்பட்டால் ஒரு பைக்குள் வைத்துத் துண்டாக்கி எடுப்போம் என்றார். வயிற்றுக்குள்ளேயே மெஷினால் அரைத்து எடுக்கும்போது கட்டிக்குள் தெரியாமல் புற்று இருந்தால் பரவிவிடும் என்று 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது, அதனால்தான் பை என்று அவரே விளக்கினார். கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. அதற்கே தனியாக மார்க் போடலாம்.

கருக்குழாய் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டு சினைப்பை இரண்டையும் விட்டுவிடுவது என்று முடிவானது. சினைப்பைப் புற்றில் நிறைய குழாயின் நுனியில்தான் ஆரம்பிக்கிறதாம். சினைப்பையோ இந்த வயதில் எலும்புக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கிறது, நல்லா இருக்கிறதை எதற்கு எடுக்க வேண்டும் என்றார். "முழுசா எடுத்துட்டாங்களா?" என்று இப்போதும் தெருவில் கேட்கிறார்கள். எது முழுசு என்று கேட்பவர்களுக்கும் தெரியாது.

ஹீமோகுளோபின் 10.8 வந்த பிறகு தேதி கொடுத்தார்கள்.

அட்மிஷன் அன்று நடந்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். உள்ளே கரண்டு வைத்துச் சுடுகிற கருவி உபயோகிப்பதால் உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது, தாலியைக் கழற்றச் சொன்னார்கள். மாமியார் முகம் செத்துவிட்டது. வயதான சிஸ்டர் ஒருவர் ஒன்றும் பேசாமல் டிராயரைத் திறந்து, மஞ்சள் கயிற்றில் கட்டிய மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்து மாமியார் கையிலேயே கொடுத்து, "நீங்களே கட்டி விடுங்கம்மா" என்றார். டிராயருக்குள் அப்படி இன்னும் ஏழெட்டு இருந்தது. இதற்கு எந்த பில்லிலும் காசு போடவில்லை. பத்து.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மேலே விளக்கு, முகத்தில் மாஸ்க், அவ்வளவுதான். இரண்டேகால் மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது தொண்டையில் கரகரப்பு, முகம் வீங்கியிருந்தது. தலையைக் கீழே சாய்த்துப் படுக்க வைத்துச் செய்வதால் அப்படியாம். வயிறு பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது தோள்பட்டை. வலது தோளில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி. மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன். "ஏனுங்க, எனக்கு நெஞ்சு வலி வந்திருச்சு" என்று அழுதேன், அவர் காரிடாரில் ஓடினார். மஞ்சள் கயிறு சிஸ்டர்தான் வந்தார். வயிற்றுக்குள் கருவிகள் நடமாட இடம் வேண்டும் என்று கார்பன் டை ஆக்சைடு வாயுவை அடைக்கிறார்கள். மிச்சம் இருக்கிற வாயு மேலே ஏறி, நுரையீரலுக்குக் கீழே இருக்கிற உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்கும் தோளுக்கும் ஒரே நரம்புப் பாதை. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும், எழுந்து நடந்தால் இன்னும் சீக்கிரம் போகும் என்றார். போனது. முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் மிச்சம்.

மறுநாள் காலை மூத்திர டியூபை எடுத்தார்கள், மத்தியானம் காரிடாரில் இரண்டு சுற்று நடந்தேன். மாமியார் வாயைப் பிளந்தார்.

தையலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் தையல்காரியே இல்லை. கட்டுப் பிரித்ததும் அண்ணன் மகளிடம் கைக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். அவள் இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். தொப்புளுக்குள் ஒன்று, விரல்நகம் அகலம். இரண்டு பக்கமும் அடிவயிற்றில் மூன்று, ஒரு பிளவுஸ் கொக்கி அளவுதான். வெளியே நூலே தெரியவில்லை. நாங்கள் புடவை ஓரத்தில் மடித்து உள்தையல் போடுகிற மாதிரி, தோலுக்கு அடியிலேயே ஓட்டியிருந்தார்கள். இடது பக்கத்து ஒன்றில் மட்டும் கொஞ்சம் சுருக்கம் விழுந்திருந்தது. கடைசியாகப் போட்ட தையலாக இருக்கும், எனக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்படித்தான் வரும். உள்ளே கர்ப்பப்பை இருந்த இடத்தில், கீழ்வழிப் பாதையின் மேல்முனையை மூடித் தைக்கிறார்கள் அல்லவா, அதற்கு ஒரு நூல் இருக்கிறதாம். நூல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முள். இழுத்தால் போகும், திரும்பி வராது. முடிச்சே போட வேண்டாம், நாள் ஆக ஆகத் தானே கரைந்துவிடும். அந்த நூல் எனக்கு ஒரு கண்டு கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அண்ணன் மகளைக் கேட்டேன். "கரைஞ்சு போற பிளவுஸை யாரு அத்தை வாங்குவா?" என்றாள்.

இனி போன ஒன்றரை மார்க்.

டிஸ்சார்ஜ் அன்று காலை 10 மணிக்கு டாக்டர் போகலாம் என்றார். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது இரவு 7:20. டிஸ்சார்ஜ் கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி தரவேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்களுக்கு ஃபைனல் பில்லே இன்னும் வரலைங்களே" என்றார்கள். ஆஸ்பத்திரி பில்லை அனுப்பியதே மாலை நாலரைக்கு. மூன்று நாள் முன்பு வயிற்றில் துளை போட்டு ஆபரேஷன் ஆன நான் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் ரூமை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பேசியது 95,000 ரூபாய் பேக்கேஜ். வந்தது 1,31,400. கூடுதலுக்குக் காரணம் ரத்தக்குழாயை அடைத்து வெட்டுகிற கருவியின் முனை, அந்த முள் நூல், கையுறை, இன்னும் என்னென்னவோ. கருவிமுனை பேக்கேஜில் சேராது என்பதைக் கவுன்சிலர் சொல்லவில்லை. ரோபோ புத்தகம் கொடுக்க நேரமிருந்தது, இதைச் சொல்ல இல்லை. இன்சூரன்ஸ் போக நான் கையிலிருந்து கட்டியது 22,000-க்குக் கொஞ்சம் மேல். ஒரு தகவல்: கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் முதல் இரண்டு வருஷம் எதுவும் கிடைக்காது. எனக்கு மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்ததால் பிழைத்தேன். கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது சாம்பாரும் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு மனத்தாங்கல் அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தில்தான். மூன்று பக்கமும் இங்கிலீஷ். என்னை ஒன்பது மாதம் தமிழில் பேசிப் புரியவைத்த அதே ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போய் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் எனக்குத் தெரியாத பாஷையில் அடித்துக் கொடுத்தது. அதில் ஒரு வரி: பெல்விக் ரெஸ்ட், எட்டு வாரம். என் வீட்டுக்காரர் பிளஸ் டூ படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்து, மகனிடம் கேட்டு, இடுப்புக்கு ஓய்வு என்று முடிவு செய்தார். முதுகுக்குத் தலையணை வாங்கி வந்தார், பாவம். எட்டு வாரம் புருஷன் பெண்டாட்டி சேரக்கூடாது என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அதைத் தமிழில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இன்னொரு வரி, கடினமான வேலைகளைத் தவிர்க்கவும். எது கடினம்? மெஷின் மிதிப்பதா? எங்கள் வீட்டில் தண்ணீர் குடம் தூக்குவது வேலையிலேயே சேர்த்தி இல்லை. சப்பாத்தி மாவு பிசைவது?

வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். முதல் வாரம் ராணி மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் நானாகவே எழுந்து காபி போட்டேன். வலி இல்லை, வெளியே பார்த்தால் நாலு கீறல். மாமியார் தன் ஜாண் தழும்பை வைத்து அளந்தார். "நாலு ஓட்டைதானே சாமி, எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், நானே அப்படித்தான் நினைத்தேன். பிளவுஸுக்கு வெளிப்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் லைனிங் தையல் பலமாக இருந்தால்தான் தாங்கும் என்று தினமும் சொல்கிறவள், என் விஷயத்தில் மறந்துவிட்டேன். உள்ளே எடுத்தது மாமியாருக்கு எடுத்த அதே உறுப்பு. உள்ளே மூடித் தைத்ததும் அதே அளவுதான். வெளியே மட்டும்தான் சின்னது.

மூன்றாம் வாரம், ஊறவைத்த ஜமுக்காளத்தை வாளியோடு தூக்கினேன். பவானி ஜமுக்காளம் காய்ந்திருந்தாலே கனம், நனைந்தால் கேட்கவே வேண்டாம். அன்று சாயங்காலம் ரத்தம் பட்டது. பழைய போக்கு மாதிரி இல்லை, கறைதான். ஆனால் இனி வராது என்று நினைத்த ஒன்றைத் திரும்பப் பார்க்கும்போது கை நடுங்குகிறது. கோவைக்கு ஓடினோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றில் தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். தையல் பிரியவில்லை, நூல் கரையும்போது இப்படிக் கொஞ்சம் படுவது உண்டு என்றார். அப்புறம்தான் சொன்னார்: அந்த உள்தையல் பிரிந்துகொள்வது அபூர்வம், ஆனால் பிரிந்தால் குடலே இறங்கிவிடலாம். கிழித்துச் செய்வதைவிடத் துளை ஆபரேஷனில்தான் அது கொஞ்சம் அதிகம். திடீரென்று நிறைய ரத்தமோ தண்ணீரோ போனால், கெட்ட வாடை வந்தால், காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம் யோசிக்காமல் வரவேண்டும். இதை 20 நாள் முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருக்குமே மேடம்" என்று அந்தக் காகிதத்தைச் சொன்னார். இருந்தது. மூன்றாம் பக்கம், இங்கிலீஷில்.

ஒன்றரை மார்க்கில் ஒன்று இதற்கு, அரை அந்தப் பில்லுக்கு. கவுன்சிலருக்குப் போன அரையையும் சேர்த்தால் எட்டு.

பலன் என்ன என்று கேட்டால், ஒன்பதாம் நாள் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. எடுத்த கர்ப்பப்பையின் எடை 410 கிராம், புற்று இல்லை. மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 12.3. மாடி ஏறுகிறேன், மூச்சு வாங்கவில்லை. கொக்கி வைப்பது, கைத்தையல் எல்லாம் நாலாம் வாரமே ஆரம்பித்தேன். மோட்டார் மெஷின் ஆறாம் வாரம். கனம் தூக்குவதற்கு முழுசாக மூன்று மாதம் காத்திருந்தேன், ஜமுக்காள பயம். உடம்பு ஊதிவிடும் என்று பயமுறுத்தினார்கள், ஊதவில்லை. சினைப்பை இருப்பதால் உடம்பு காந்துவதும் வரவில்லை, சிலருக்கு மாதவிலக்கு நிற்கிற வயதின் தொந்தரவுகள் கொஞ்சம் முன்னதாக வரலாம் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். காலி இடத்தில் என்ன இருக்கும் என்று மாமியாருக்குத் தூக்கமே வரவில்லை. குடல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஐந்தாம் வாரம் ஒரு நாள் காரணமே இல்லாமல் மத்தியானம் முழுக்க அழுதேன். அது எதனால் என்று யாரையும் கேட்கவில்லை, மறுநாள் வரவும் இல்லை.

ஒரு சின்ன விஷயம், எந்த டாக்டரும் சொல்லமாட்டார். பக்கவாட்டில் போட்ட துளைகள் சரியாகப் பாவாடை நாடா முடிகிற வரிசையில் வருகிறது. டிஸ்சார்ஜ் அன்று பாவாடை கட்டிக் கிளம்பி, வீடு வருவதற்குள் இரண்டு துளையிலும் நாடா உராய்ந்து சிவந்துவிட்டது. மறுநாளே படுத்தபடியே மகளை வெட்டச் சொல்லி, மேலே மார்புக்குக் கீழ் வரை உயர்த்தி, அகலமான மெத்து எலாஸ்டிக் வைத்து, நாடாவே இல்லாமல் ஒரு பாவாடை தைக்க வைத்தேன். இரண்டு மாதம் அதுதான். கடைசி செக்கப்புக்கு அதைக் கட்டிக்கொண்டு போனபோது மஞ்சள் கயிறு சிஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆறு கேட்டார். துணிக்காசு மட்டும் போடுகிறேன் என்றேன், கேட்கவில்லை, கூலியும் சேர்த்துத்தான் கொடுத்தார். போன வாரம் பார்சல் அனுப்பிவிட்டேன், மூன்று பெரிய சைஸ், மூன்று நடு சைஸ், எல்லாம் கறுப்பு இல்லாத கலர்.